டைனோ காட்டிய 1,280, ஊர் சொல்லும் 1,400: பிஎம்டபிள்யூ எம்12/13 இன்ஜின், ஒரு நிகழ்வு ஆய்வு

ஃபார்முலா ஒன்னில் ஓடிய இன்ஜின்களில் அதிகத் திறன் எதற்கு என்ற பேச்சு எழுந்தால், 1986-இல் பெனட்டன், பிரபாம் கார்களில் இருந்த பிஎம்டபிள்யூ எம்12/13-இன் பெயர் வந்தே தீரும். நான்கு சிலிண்டர், 1,499 சிசி, வெளிப்புகையால் சுழன்று காற்றை அமுக்கி உள்ளே அனுப்பும் டர்போ ஒரே ஒன்று. தகுதிச் சுற்றில் 1,400 குதிரைத்திறன் கொடுத்தது என்பார்கள். 1,500 என்று எழுதியவர்களும் உண்டு. ஆனால் அந்த இன்ஜினைக் கட்டிய குழுவின் தலைவர் பால் ரோஷே அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை. 1,400 பக்கம் இருந்திருக்கும், நிச்சயமாகத் தெரியாது, எங்கள் டைனோ (இன்ஜின் திறனை அளக்கும் கருவி) 1,280-க்கு மேல் அளக்காது என்பதே அவர் பேச்சின் சாரம்.

திறன் எண் ஒன்று காதில் விழுந்தால், எங்கே, எதில் வைத்து, எந்த நிலையில் அளந்தது என்று கேட்பது இன்ஜின் கட்டுகிறவர்களின் முதல் வேலை. எம்12/13-ஐப் பற்றிய பேச்சில் அந்தக் கேள்வி பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. 1,400 என்ற எண்ணின் பளபளப்பில் உண்மையான சாதனை கண்ணில் படாமல் போவது எனக்கு வருத்தம். 80 குதிரைத்திறனுக்காக வார்த்த ஒரு குடும்பக் கார் பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த வார்ப்பு), அதைப்போல் 16 மடங்கு திறனைச் சோதனை அறையில் அளவுமானி முன் கொடுத்துக் காட்டியது. அது எப்படி நடந்தது என்பதுதான் இந்த ஆய்வு. 1,400-ஐ எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைக் கடைசியில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பிளாக் வந்த வழி

1959 டிசம்பரில் பிஎம்டபிள்யூ நிறுவனம் டைம்லர்-பென்ஸ் கைக்குப் போகும் நிலைக்கு வந்து மயிரிழையில் தப்பியது. அதன் பிறகு நிறுவனம் தன் எதிர்காலத்தை வைத்துக் கட்டிய கார் 1500. 1961-இல் பிராங்ஃபர்ட் கண்காட்சியில் காட்டினார்கள், அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்தது. அதன் இன்ஜின் அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹவுசன் வரைந்தது. நிர்வாகம் 1.3 லிட்டர் போதும் என்றது. அவர் பிடிவாதமாக 1.5 லிட்டரில் தொடங்கி, பின்னாளில் 2 லிட்டர் வரை பெருக்க இடம் விட்டு வரைந்தார். இந்த ஆய்வில் வரும் எல்லாவற்றுக்கும் அந்தப் பிடிவாதமே ஆதாரம்.

எம்10 என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்த இன்ஜினில் வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், வால்வுகளைத் திறக்க, சங்கிலியில் ஓடும் ஒற்றை கேம் ஷாஃப்ட். போர் (சிலிண்டரின் விட்டம்) 82 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம்) 71 மி.மீ. கிராங்க் ஷாஃப்ட் அடித்து உருவாக்கிய எஃகு. முக்கியமானது, அதைத் தாங்க ஐந்து மெயின் பேரிங். நம் அம்பாசடர் காரில் வெகுகாலம் ஓடிய 1,489 சிசி இன்ஜினோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும். அளவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே, ஆனால் அம்பாசடரில் மூன்று மெயின் பேரிங்தான். அதாவது இரண்டு பிஸ்டன்களின் அடியை ஒரே இடைவெளி தாங்கும், வேகம் ஏறும்போது கிராங்க் நடுவில் வளையும். ஐந்து பேரிங் இருந்தால் ஒவ்வொரு பிஸ்டனுக்கும் இரு பக்கமும் பிடிமானம். 80 குதிரைத்திறனுக்கு அது தேவைக்கு மேல். ஃபால்கன்ஹவுசன் தெரிந்தேதான் கூடுதலாகக் கொடுத்தார்.

பிளாக் வளர்ந்தது. 2 லிட்டர் ஆனது, 1973-இல் 2002 டர்போ என்ற சாலைக் காரில் 170 குதிரைத்திறன் கொடுத்தது. அதே ஆண்டு எம்12 என்ற பெயரில், ஃபார்முலா ஒன்னுக்கு அடுத்த நிலையான ஃபார்முலா டூ பந்தயத்துக்குப் போனது. சிலிண்டருக்கு நான்கு வால்வு, இரட்டை கேம் ஷாஃப்ட், சங்கிலிக்குப் பதில் பல்சக்கரங்கள். முதல் ஆண்டிலேயே ழான்-பியர் ழாரியே ஐரோப்பிய ஃபார்முலா டூ பட்டத்தை மார்ச் காரில் அதை வைத்து வென்றார். அதன் பிறகும் தெபையே, லஃபீத், ஜாகோமெல்லி, சூரர், கொராடோ ஃபாபி என்று பட்டங்கள் தொடர்ந்தன. ஆக, டர்போ வருவதற்கு முன்பே இந்தக் கீழ்ப்பகுதி பத்தாயிரம் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் அடிவாங்கிப் பழகியிருந்தது.

ஃபார்முலா ஒன்னுக்காகச் செய்த மாற்றங்கள்

1966 முதல் இருந்த விதி எளிமையானது. டர்போ இல்லாவிட்டால் 3 லிட்டர், இருந்தால் 1.5 லிட்டர். 1977-இல் ரெனோ டர்போவோடு இறங்கியது, 1979-இல் டிஜோனில் முதல் வெற்றியும் பெற்றது. வழி அதுதான் என்று எல்லோருக்கும் புரிந்துபோயிற்று. பிஎம்டபிள்யூவுக்குள் இந்த இன்ஜினை டால்போ என்ற கார் நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும் யோசனை ஒன்று ஓடியது. ரோஷேயும் பந்தயப் பிரிவைச் சேர்ந்த டீட்டர் ஷ்டாப்பர்ட்டும் நிர்வாகத்திடம் பேசி அதை நிறுத்தினார்கள். கடைசியில் பிரபாம் அணியோடு ஒப்பந்தம் ஆனது.

2 லிட்டரை 1.5 ஆக்க ரோஷே போரைத் தொடவில்லை. 89.2 மி.மீ. போரை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்ட்ரோக்கை 80-இலிருந்து 60 மி.மீ. ஆக்கினார். நான் இந்த இன்ஜினில் மிகவும் ரசிக்கும் முடிவு இதுவே. ஸ்ட்ரோக் குறைந்தால் அதே ஆர்பிஎம்மில் பிஸ்டன் போய்வரும் தூரம் குறையும். 11,000 ஆர்பிஎம்மில் சராசரி பிஸ்டன் வேகம் நொடிக்கு 22 மீட்டர். 80 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்ட ஃபார்முலா டூ இன்ஜின் 9,500-இலேயே 25 மீட்டரைத் தொட்டுவிடும். அதாவது அதிக ஆர்பிஎம், ஆனால் பிஸ்டனுக்கும், அதைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கும் ஓட்டத்தினால் வரும் இழுவை குறைவு. டர்போவின் அழுத்தம் தரப்போகும் சுமைக்கு இப்படி முன்கூட்டியே இடம் ஒதுக்கினார்கள். போர் பெரிதாக இருந்ததால் நான்கு வால்வுகளுக்கும் தாராளமாக இடம் கிடைத்தது, ஃபார்முலா டூ ஹெட்டின் வடிவத்தையும் அப்படியே கொண்டுவர முடிந்தது. கனெக்டிங் ராடுகள் டைட்டேனியம், பிஸ்டன்கள் மாலே நிறுவனத்தின் அடித்து உருவாக்கியவை. அமுக்க விகிதம் 7-க்கு அருகே. சாதாரணப் பெட்ரோல் காரை விடக் குறைவு, ஏனென்றால் காற்றை ஏற்கனவே டர்போ அமுக்கி அனுப்புகிறது.

பிளாக்குகளைப் பற்றிய கதை எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு லட்சம் கி.மீ. ஓடித் தேய்ந்த பழைய கார்களின் பிளாக்குகளைத் தேடி எடுத்தார்கள் என்பது அது. மழையிலும் பனியிலும் முற்றத்தில் போட்டு வைத்தார்கள், ஊழியர்கள் அவற்றின் மேல் சிறுநீர் கழித்தார்கள் என்றெல்லாம் கிளைக்கதைகள் உண்டு. கிளைக்கதைகளை விட்டுவிடலாம். மூலக்கதையில் இருக்கும் பொறியியல் உண்மையானது. இரும்பை வார்க்கும்போது மெல்லிய சுவர் முதலில் ஆறும், தடித்த இடம் பிறகு ஆறும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இறுகும். அந்த இழுவிசை வார்ப்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அப்படியே போர் செய்து (சிலிண்டரைக் கடைந்து), ஹோன் செய்து (உட்சுவரை மெருகிட்டு) இன்ஜினைக் கட்டினால், நூறு முறை சூடேறி ஆறியதும் வட்டமாக இருந்த சிலிண்டர் மெல்லத் திரிந்து நீள்வட்டம் ஆகும், கேஸ்கட் முகம் வளையும். வருடக்கணக்கில் ஓடிய பிளாக்கில் இந்தத் திரிதல் ஏற்கனவே நடந்து முடிந்திருக்கும். அதை எடுத்துப் போர் செய்தால் போர் நிலைத்து நிற்கும். பழைய வார்ப்பாலைக்காரர்கள் வார்ப்பை மாதக்கணக்கில் வெளியே போட்டு வைத்ததும் இதற்காகத்தான். பின்னர் பிஎம்டபிள்யூ புதிய பிளாக்குகளை வெப்பப் பதம் செய்து அதே நிலைக்குக் கொண்டுவந்தது. பந்தயத்துக்குத் தேவைப்படாத இரும்பைச் சீவியெறிந்து எடையையும் குறைத்தார்கள்.

நாக்கிங்

பிளாக் நின்றது. பிஸ்டன் நிற்கவில்லை. தொடக்க காலச் சோதனைகளில் இன்ஜின்களைத் தின்றது நாக்கிங்.

பொறி விழுந்த இடத்திலிருந்து தீ பரவிவரும்போது, சிலிண்டர் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடிப்பதுதான் நாக்கிங். சாலைக் காரில் மேடேறும்போது டிக் டிக் என்று கேட்கும். நான்கைந்து பார் (ஒரு பார் ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தம்) டர்போ அழுத்தத்தில் அது காதுக்கு எட்டுவதற்குள் பிஸ்டன் போய்விடும். இன்ஜினைப் பிரிக்கும் முன்பே தடயம் தெரியும். பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் மிளகுத்தூள் அளவில் சாம்பல் புள்ளிகள் ஒட்டியிருக்கும். அவை பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். ஹெட்டைத் திறந்தால் பிஸ்டனின் வெளியோரம் கரையான் அரித்தது போலப் பொத்தல் பொத்தலாக இருக்கும். இன்னும் சில நொடி ஓட்டியிருந்தால் அந்த அரிப்பு மேல் ரிங்கைத் தாண்டி இறங்கியிருக்கும்.

இதற்குத் தீர்வு இரண்டு வழிகளில் வந்தது. முதலாவது எலக்ட்ரானிக்ஸ். ஃபார்முலா டூ இன்ஜினில் இருந்தது கூகல்ஃபிஷர் இயந்திரப் பம்ப். உள்ளே செதுக்கிய கேம் ஒன்றின் வடிவமே எவ்வளவு பெட்ரோல் என்பதைத் தீர்மானிக்கும். திராட்டில் (காற்று நுழையும் வழியின் கதவு), ஆர்பிஎம் இரண்டை மட்டும் பார்க்கிற இன்ஜினுக்கு அது போதும். டர்போவில் மூன்றாவதாக அழுத்தம் வந்து சேர்கிறது, அதுவும் நொடிக்கு நொடி மாறுகிறது. உலோகத்தில் செதுக்கிய வடிவம் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. 1979-இல் 732ஐ சாலைக் காருக்காக பாஷ் நிறுவனம் கொண்டுவந்த மோட்ரானிக்கை அடிப்படையாக வைத்து, பெட்ரோலையும் பொறியின் நேரத்தையும் ஒரே கணினி முடிவு செய்யும் அமைப்பை எம்12/13-க்கு ஏற்றினார்கள். தொடக்கத்தில் அது நிறையத் தொல்லை கொடுத்தது. ஆனால் அது கைக்கு வந்த பிறகு, ஒரு இடத்தில் மட்டும் பொறியை இரண்டு டிகிரி பின்தள்ள வேண்டுமென்றால் அந்த இடத்தில் மட்டும் தள்ள முடிந்தது. இயந்திரப் பம்பில் அப்படி ஒரு மூலையை மட்டும் தொட முடியாது.

இரண்டாவது எரிபொருள். ஆக்டேன் என்பது நாக்கிங்கை எரிபொருள் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் எண். விதி 102 ஆக்டேன் வரை அனுமதித்தது. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஆக்டேன் எண்ணை அளக்கும் சோதனை இன்ஜின் ஒற்றைச் சிலிண்டர், டர்போ இல்லாதது, 600 ஆர்பிஎம்மில் ஓடுவது. அந்தச் சோதனையில் 102 வாங்குகிற இரண்டு திரவங்கள், டர்போ அழுத்தத்தில் செறிவான கலவையில் ஓடும்போது ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 1983 பருவத்தின் பிற்பகுதியில் பிஏஎஸ்எஃப் குழுமத்தின் விண்டர்ஷால் நிறுவனம் டொலுவீன் மிகுந்த கலவை ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தது. டொலுவீன் லிட்டருக்கு சுமார் 870 கிராம், சாதாரணப் பெட்ரோல் 740 பக்கம். ஒரு லிட்டரில் கூடுதல் ஆற்றல், நாக்கிங்குக்கும் நல்ல தாக்குப்பிடிப்பு. அழுத்தத்தை ஏற்ற முடிந்தது, பொறியையும் முன்தள்ள முடிந்தது. எதிரணிகள் ஆக்டேன் வரம்பைப் பற்றிக் கேள்வி எழுப்பின. முடிவுகள் மாறவில்லை.

சோதனை அறை

இப்போது டைனோவுக்கு வருவோம்.

எந்த டைனோவும் குதிரைத்திறனை நேரடியாக அளப்பதில்லை. அளப்பது இரண்டே இரண்டு, முறுக்கு விசையும் ஆர்பிஎம்மும். தத்துவம் 1821-இல் பிரோனி செய்த பிரேக்கிலிருந்து மாறவில்லை. இன்ஜினின் தண்டைப் பிடித்து இழுக்கும் ஒரு பிரேக், அந்தப் பிரேக்கின் கூடு சுழலாமல் தடுக்க ஒரு கை, அந்தக் கையின் நுனியில் எவ்வளவு எடை அழுத்துகிறது என்று பார்க்க ஒரு தராசு. மரக்கட்டைப் பிரேக்குக்குப் பதில் தண்ணீரைப் பயன்படுத்தும் முறையை 1877-இல் வில்லியம் ஃபுரூட் கப்பல் இன்ஜின்களுக்காகக் கொண்டுவந்தார். மின்காந்தப் பிரேக் அதன் பிறகு வந்தது. எந்த வகையாக இருந்தாலும் இன்ஜின் தரும் ஆற்றல் முழுவதும் பிரேக்கில் சூடாக மாறும். 1,280 குதிரைத்திறன் என்றால் 941 கிலோவாட். அவ்வளவு சூட்டையும் தண்ணீர் சுமந்துகொண்டு வெளியே போக வேண்டும். பிரேக்கின் தாங்கும் திறன், தராசின் உச்ச அளவு, குளிர்விக்கும் தண்ணீரின் அளவு, இந்த மூன்றில் எது முதலில் தீர்ந்தாலும் டைனோவின் எல்லை அதுதான். எல்லைக்கு மேல் இன்ஜினுக்கு வலு இருந்தாலும் பிரேக்கால் பிடித்து நிறுத்த முடியாது, ஆர்பிஎம் ஓடிவிடும். அதனால் 1,280 என்பது அந்தப் பிரேக்கின் எல்லை, இன்ஜினின் எல்லை அங்கே தெரியாது.

ஒரு அளவை எடுப்பது பார்க்க எளிதாகத் தோன்றும். திராட்டிலை முழுதும் திறந்து, பிரேக்கை இறுக்கி இன்ஜினை ஒரு ஆர்பிஎம்மில் நிறுத்த வேண்டும். ஆயில் சூடு, தண்ணீர் சூடு, உட்செல்லும் காற்றின் சூடு, அழுத்தம், வெளிப்புகையின் சூடு எல்லாம் நிலைத்த பிறகு தராசைப் படிக்க வேண்டும். அதைக் குறித்துக்கொண்டு 500 ஆர்பிஎம் ஏற்றி மறுபடியும். சாலைக் கார் இன்ஜின் இப்படி நாள் முழுக்க நிற்கும். தகுதிச் சுற்று அழுத்தத்தில் ஓடும் எம்12/13 நிற்காது. அந்த இன்ஜினின் ஆயுளே சில சுற்றுகள்தான். சூடு நிலைக்கட்டும் என்று காத்திருந்தால் இன்ஜின் போய்விடும், காத்திருக்காமல் படித்தால் அந்த எண் ஓடுகிற எண்ணே தவிர நின்ற எண் ஆகாது. மிக உயர்ந்த அழுத்தத்தில் எடுத்த எந்த அளவையும் இந்தச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

அடுத்தது திருத்தக் கணக்கு. மியூனிக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 520 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே சாதாரண நாளில் காற்றழுத்தம் 950 மில்லிபார் சுற்றளவு. டர்போ இல்லாத இன்ஜினை அங்கே டைனோவில் வைத்தால், டின் என்ற ஜெர்மன் தரத்தின் நிலையான 1,013 மில்லிபாருக்கு மாற்ற சுமார் 6 சதம் கூட்டுவார்கள், அது நியாயம். டர்போ இன்ஜினுக்கு அதே 6 சதத்தைக் கூட்டுவது நியாயமில்லை. வெளியே காற்று மெலிந்தால் டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று உள்ளே அதே அழுத்தத்தைக் கொடுத்துவிடும். இழக்காததைத் திரும்பக் கூட்டினால் தாளில் மட்டும் திறன் ஏறும். 1,500 மீட்டருக்கு மேல் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் கியாலாமியில் இதன் மறுபக்கம் தெரிந்தது. டர்போ இல்லாத கார்கள் அங்கே ஆறில் ஒரு பங்கு திறனை இழந்து நின்றன. டர்போ கார்களுக்கு அந்த இழப்பு அநேகமாக இல்லை. எம்12/13 முதல்முறை பந்தயத்துக்கு வந்தது 1982 ஜனவரியில் அதே கியாலாமியில்தான். பிரபாம் ஓட்டுநர் நெல்சன் பிக்கே தகுதிச் சுற்றில் இரண்டாம் இடம் பிடித்தார். பந்தயத்தை முடிக்கவில்லை.

சோதனை அறையால் காட்ட முடியாத இன்னொன்றும் இருந்தது. பந்தயப் பாதையில் ஓட்டுநர் பிரேக் அடிப்பார், வளைவில் திராட்டிலை மூடித் திறப்பார், டர்போ தயங்கும், பிறகு ஒரேயடியாக அழுத்தம் வந்து விழும். நிலையாக நிற்கும் டைனோவில் சரியாக இருந்த கலவை இந்த இடைப்பட்ட நொடிகளில் மெலிந்துபோகும், பிஸ்டன் போவது அங்கேதான். இதற்காக பிரபாம் காரிலேயே தரவுப் பதிவுக் கருவியை வைத்து, ஓடும் காரின் எண்களைப் படிக்கத் தொடங்கினார்கள். இன்று எல்லாப் பந்தயக் காரிலும் இருக்கும் வழக்கம் அது, அந்த நாளில் அரிது.

பலன் மேலும் கீழுமாகத்தான் வந்தது. 1982 ஜூனில் டெட்ராய்டில் நடப்பு உலகச் சாம்பியன் பிக்கே தகுதியே பெறவில்லை. ஒரே வாரத்தில் மான்ட்ரியாலில் இந்த இன்ஜினின் முதல் வெற்றி அவர் கையால் வந்தது. அடுத்த ஆண்டு பிரபாமின் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரே வரைந்த பிடி52 காரில் பந்தய அளவுத் திறன் 640 குதிரைத்திறன் பக்கம். ஆகஸ்டில் ஆஸ்திரியப் பந்தயம் முடிந்தபோது ரெனோவின் பிராஸ்ட் 51 புள்ளி, பிக்கே 37. அதன் பிறகு மான்சாவில் 9, பிராண்ட்ஸ் ஹாட்சில் 9, கியாலாமியில் மூன்றாம் இடத்துக்கு 4. முடிவில் 59-க்கு 57. டர்போ இன்ஜினை வைத்து உலகச் சாம்பியன் ஆன முதல் ஓட்டுநர் பிக்கே. முதல் பந்தயத்திலிருந்து 630-ஆவது நாளில் அது நடந்தது.

அந்த 1,400

சரி, எண்ணுக்கு வருவோம். முதலில் டைனோ காட்டியதையே எடுத்துப் பிரிக்கலாம். ஆர்பிஎம் 11,000 என்று வைத்துக்கொண்டால், 941 கிலோவாட்டுக்கு முறுக்கு விசை 817 நியூட்டன் மீட்டர். இதைச் சிலிண்டருக்குள் இருக்கும் சராசரிப் பயன் அழுத்தமாக மாற்றினால் 68 பார். 1962-இன் சாலைக் கார் 5,700 ஆர்பிஎம்மில் 80 குதிரைத்திறன் கொடுத்தபோது அதே கணக்கில் 8.25 பார். ஆக 16 மடங்கு திறனில், ஆர்பிஎம் கொடுத்தது 2 மடங்குக்கும் கொஞ்சம் குறைவு. மீதி 8 மடங்குக்கு மேல் முழுவதும் அழுத்தம். பிஸ்டன் பரப்பை வைத்துப் பெருக்கினால், வேலை ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு பிஸ்டன் மேலும் சராசரியாக நாலேகால் டன் சுமை. சாலைக் காரில் அது அரை டன்னுக்கும் கீழே. உச்ச அழுத்தம் இந்தச் சராசரியை விட இன்னும் பல மடங்கு. ஐந்து மெயின் பேரிங்கின் மதிப்பு இந்த இடத்தில்தான் முழுதாகத் தெரிகிறது.

இப்போது வேறு வழியில், உள்ளே போன காற்றை வைத்துக் கணக்கிடலாம். 1.5 லிட்டர், 11,000 ஆர்பிஎம், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்று. நொடிக்கு 137.5 லிட்டர். 1986-க்கு வழக்கமாகச் சொல்லப்படும் டர்போ அழுத்தம் 5.5 பார். இது வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்த மொத்தம் என்றும், இன்டர்கூலருக்குப் (அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் கருவி) பின் காற்று 60 டிகிரி என்றும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு லிட்டர் காற்றின் எடை 5.75 கிராம். நொடிக்கு 790 கிராம் காற்று. 11-க்கு 1 என்ற செறிவான கலவையில் நொடிக்கு 72 கிராம் எரிபொருள். டொலுவீனுக்கு கிராமுக்கு 40.5 கிலோஜூல். மொத்த ஆற்றலில் 30 சதம் தண்டுக்கு வந்தால் 870 கிலோவாட், அதாவது 1,185 குதிரைத்திறன் சுமார்.

அந்த 5.5 பார் வெளிக்காற்றுக்கு மேலே கூடுதலாக இருந்தது என்றால், மொத்தம் 6.5 பார். மற்ற எல்லாவற்றையும் மாற்றாமல் அதே கணக்கைப் போட்டால் விடை 1,400!

இந்தப் பொருத்தத்தை நிரூபணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 30 சதம் என்பதும் 60 டிகிரி என்பதும் என் அனுமானங்கள், இரண்டையும் சற்று நகர்த்தினால் விடையும் நகரும். ஆனால் இது ஒன்றைக் காட்டுகிறது. 1,200-க்கும் 1,400-க்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் முழுவதும், அழுத்தமானியின் பூஜ்யம் எங்கே தொடங்குகிறது என்ற ஒரே கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. இதோடு ஜெர்மன் பிஎஸ் அளவும் பிரிட்டிஷ் குதிரைத்திறனும் 1.4 சதம் வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிஎஸ் கணக்கில் 1,400 என்றால் பிரிட்டிஷ் கணக்கில் 1,381. பல கட்டுரைகள் இரண்டையும் ஒன்றாகவே எழுதிவிடுகின்றன. டைனோ உச்சத்தைத் தொட்டதால் 1,280-ஐ நான் தயங்காமல் ஏற்கிறேன். அதற்கு மேல் கொஞ்சம் இருந்தது என்பதையும் ஏற்கிறேன். 1,400 நடந்திருக்கக் கூடியதுதான். 1,500-ஐ நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஓடுபாதைச் சான்றும் உதவிக்கு வருகிறது, ஆனால் ஓரளவுக்கே. 1986-இல் மான்சாவில் பெர்கரின் பெனட்டன் மணிக்கு 350 கி.மீ.க்கு மேல் போனது. தேயோ ஃபாபி ஆஸ்திரியாவிலும் மான்சாவிலும் முதலிடத் தகுதி பெற்றார். வேகத்திலிருந்து திறனைக் கணக்கிட வேண்டுமானால் அன்றைய இறக்கைக் கோணமும் காற்றுத் தடையும் தெரிய வேண்டும். அதோடு, காற்றுத் தடைக்கு எதிரான திறன் வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. 1,280-லிருந்து 1,400-க்குப் போனால் உச்ச வேகம் 3 சதம்தான் கூடும். அவ்வளவு சிறிய வித்தியாசத்தை எதிர்க்காற்று ஒன்றே விழுங்கிவிடும்.

பிறகு

அதே 1986-இல் கார்டன் மர்ரே பிடி55 காரைத் தாழ்வாக்குவதற்காக இன்ஜினை 72 டிகிரி சாய்த்துக் கிடத்தினார். காரின் எண்ணம் அருமையானது. ஆனால் நிமிர்ந்து நின்று பழகிய இன்ஜினில், ஆயிலைக் கிராங்க் அறையிலிருந்து உறிஞ்சி எடுப்பது கிடத்திய நிலையில் சரியாக நடக்கவில்லை. தேங்கிய ஆயிலில் கிராங்க் அடித்துக்கொண்டு சுற்றினால் திறன் அங்கேயே போகும். பருவம் முழுக்க பிரபாமுக்குக் கிடைத்தது 2 புள்ளி. நிமிர்ந்த இன்ஜினை வைத்திருந்த பெனட்டனில் பெர்கர் மெக்சிகோவில் வென்றார். ஒன்பது வெற்றிகளில் அது கடைசி.

விதிகள் மெல்ல இறுகின. 1984-இல் பந்தயத்துக்கு 220 லிட்டர் எரிபொருள், 1986-இல் 195. 1987-இல் அழுத்தத்துக்கு 4 பார் வரம்பு, அடுத்த ஆண்டு 2.5 பாரும் 150 லிட்டரும், 1989-இல் டர்போவுக்கே தடை. பிஎம்டபிள்யூ விலகிய பிறகு நிமிர்ந்த இன்ஜின்கள் மெகாட்ரான் என்ற பெயரில் ஆரோஸ் கார்களில் ஓடின. சுவிட்சர்லாந்தில் ஹைனி மேடர் அவற்றைக் கட்டிக் கொடுத்தார். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு வரம்புக்கு முன்பே திறந்துகொள்வது பெரிய தலைவலியாக இருந்தது, 1988 பருவத்தின் பெரும்பகுதியில் அனுமதித்த 2.5 பாரைக்கூட முழுதாகப் பயன்படுத்த முடியவில்லை. அதை மேடர் சரிசெய்த பிறகு மான்சாவில் சீவர் மூன்றாவதாகவும் வார்விக் நான்காவதாகவும் வந்தார்கள். முன்னால் இருந்தவை இரண்டு ஃபெராரிகள் மட்டுமே.